வேனின் வலப்பக்கம்

வெள்ளை வேனின் வலப்பக்கம்
எவரிஸ்டோவின் பெயர், கைபேசி எண்,
அதன் கீழே ஒரு சுத்தியல்.
சுத்தியலுக்குக் கூகோ காசு வாங்கவில்லை.
பிறகுதான் நான் காகிதத்தை நீட்டினேன்:
அரிசோனாவில் விளம்பரம் என்றால்
இதையும் எழுதியாக வேண்டும்,
'உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் அல்ல.'

எவ்வளவு பெரிசாக, என்றான் கூகோ.
கண்ணாடி போடாதவருக்கும் தெரிகிறாற்போல, என்றேன்.
தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டான்:
இவன் என்னவாக இல்லை என்று சொல்லத்தானா
என்னைக் கூப்பிட்டீர்கள்?

அன்று டூசான் கடைத்தெரு முழுக்க
பலகைகளுக்கு நானே வால் ஒட்டிக்கொண்டு நடந்தேன்.
பல் மருத்துவர், பொறுமைசாலி அல்ல.
அடகுக்கடை, உங்கள் மாமன் வீடு அல்ல.
அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

*

கோடு ஆயிரம் டாலரில் இருக்கிறது.
கூலி, பலகை, ஆணி, பசை எல்லாம் சேர்த்து
அதற்குக் கீழே நின்றால் உரிமம் வேண்டாம்.
நகராட்சி அனுமதி கேட்கும் வேலையென்றால்
ஐம்பது டாலரானாலும் தொடக் கூடாது.

ஹால்வர்சன் அம்மாளின் குளியலறைத் தரை
ஆயிரத்து அறுநூறுக்கு வந்து நின்றது.
"மார்ச்சில் ஒரு பில், ஏப்ரலில் ஒரு பில்,
யாருக்குத் தெரியப்போகிறது" என்று
எலுமிச்சைக் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னாளாம்.
கேக்கைச் சாப்பிட்டுவிட்டு
வேண்டாம் என்று வந்துவிட்டான்.
அந்த மாத வாடகையில்
என் இரவு ஷிஃப்ட் பாதி, அவன் தம்பி பாதி.

உரிமம் உள்ள கம்பெனி வந்து
நாலாயிரத்து இருநூறுக்குத் தரை போட்டது.
முகம் பார்க்கலாம், அப்படி ஓர் ஓடு.
துண்டு தொங்கவிடும் கம்பி மட்டும் ஆடுகிறதென்று
மே மாதம் இவனைக் கூப்பிட்டாள்.
நாற்பது டாலர்.
கேக் இல்லை.

*

காப்பீட்டு ஏஜென்ட் மெர்லீன் தொலைபேசியில் கேட்டாள்.
கூரை ஏறுவாரா? ஒரு மாடி வரை.
எரிவாயுக் குழாய்? தொடமாட்டார்.
தொழில் விவரம், ஒரே வரியில்?
நான் பேனாவைக் கீழே வைத்தேன்.
கீல், கசிவு, கொசுவலை, பூட்டுக்குள் முறிந்த சாவி,
நாய் கடித்த கதவு,
விவாகரத்துக்குப் பிறகு
இரண்டாக அறுத்துக் கொடுத்த புத்தக அலமாரி.
"பொதுப் பராமரிப்பு" என்று அவளே எழுதிக்கொண்டாள்.

இதுவரை ஏதாவது இழப்பு?
எவரிஸ்டோ இடக்கையைத் தூக்கிக் காட்டினான்,
தொலைபேசிக்கு.
சுட்டுவிரல் ஒரு கணு குறைவு.
நான் எடுத்துச் சொன்னதும்
மெர்லீன் சிறிது நேரம் பேசவில்லை.
அப்புறம் மெதுவாக:
அது உங்களுடையது.
இந்தப் பாலிசி அடுத்தவர்களுடையதற்கு.
அவர்கள் சுவர், அவர்கள் குழாய், அவர்கள் பியானோ.
விரலுக்கு வேறு பாலிசி. வேறு விலை.

சான்றிதழ் வந்தது. பத்து லட்சம் டாலர்.
எங்கள் வீட்டுக்குள் அவ்வளவு பெரிய எண்
நுழைந்தது அதுவே முதல்முறை:
இவனால் எவ்வளவு உடைக்க முடியும் என்பதற்கு
யாரோ போட்ட மதிப்பு.
சாப்பாட்டு மேஜையில் வைத்து
இரண்டு தடவை பார்த்தான்.
கொஞ்சம் பெருமைதான்.

*

கூகோ செய்த கூத்தை
சனிக்கிழமைதான் கவனித்தேன்.
'அல்ல' மட்டும் பின்தகட்டில் விழுந்திருந்தது,
மற்றதெல்லாம் நழுவுகதவில்.
கதவைப் பின்னால் தள்ளினால்
'அல்ல' காணாமல் போகும்.
வேலை நேரத்தில் அந்தக் கதவு
திறந்தேதான் கிடக்கும்.

அபராதம் வரும், மாற்றச் சொல், என்றேன்.
இருபத்தைந்து டாலர், திங்கட்கிழமை, என்றான் கூகோ.

ஞாயிறு மதியம்
வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது.
வேலை ஒன்றும் இல்லை.
எவரிஸ்டோ கதவை முழுக்கத் தள்ளி வைத்துவிட்டு
வேனின் படியில் உட்கார்ந்து
தர்ப்பூசணி தின்றான்,
விதைகளை ஒவ்வொன்றாகத்
தெருவைப் பார்த்துத் துப்பியபடி,
உரிமம் பெற்றவன் போல.